வாய்தா தேதி கைப்பேசிக்கு வந்துவிட்டது. வழக்கு நகர இன்னும் என்ன வேண்டும்?

நாட்றாம்பாளையத்துக்காரருக்குக் கிருஷ்ணகிரி மாவட்ட நீதிமன்றத்தில் வாய்தா என்றால், விடியற்காலையில் பஸ் பிடித்து அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை என்று மாறி, ராயக்கோட்டை வழியாகவோ ஓசூர் வழியாகவோ வந்து சேரவேண்டும். சித்தேரி மலையிலிருந்து அரூர் கோர்ட்டுக்கு இறங்குகிறவருக்கும் அன்றைய கூலி போய்விடும். இவ்வளவும் செய்து வந்து நின்ற பிறகு, "ஐயா இன்னைக்கு லீவு, அடுத்த மாசம் பதினாலாம் தேதி வாங்க" என்று குமாஸ்தா சொல்வார். 1965-ல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது, 2004-ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. மாவட்டம் பிரியப் பிரிய கோர்ட் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. மீதித் தூரத்தை இப்போது கைப்பேசி குறைக்கிறது.

ஆனால் குறைந்திருப்பது தகவலின் தூரம்தான். தேதி தெரிந்த பிறகு செய்யவேண்டிய வேலை அப்படியே இருக்கிறது. அதோடு, புதிதாக வரும் ஒவ்வொரு தொழில்நுட்பமும் கட்சிக்காரர் தலையில் ஒரு புதிய கடமையையும் ஏற்றிவிடுகிறது. அந்தக் கடமை இன்னதென்று தெரியாதவர், நியாயம் தன் பக்கம் இருந்தும் தோற்றுப்போகிறார். அதனால் ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் காலை வாருகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

முதலில் சி.என்.ஆர். எண். தாக்கலாகும் ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் ஒரு தனி எண் கிடைக்கிறது. முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், பிறகு வரும் இரண்டு எண்கள் எந்த நீதிமன்றம் என்பது, அடுத்த ஆறு வரிசை எண், கடைசி நான்கு ஆண்டு. ஊரில் எல்லோரும் "ஓ.எஸ். 45/2021" என்றுதான் வழக்கைச் சொல்வார்கள். அதே 45/2021 அரூரிலும் இருக்கும், பென்னாகரத்திலும் இருக்கும், பாலக்கோட்டிலும் இருக்கும். சி.என்.ஆர். எண்ணோ நாடு முழுக்க ஒன்றுதான். வக்கீலிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு, வழக்கு எண் ஆன அன்றே இந்த 16 இலக்கத்தைக் கேட்டு வாங்கிக் கைப்பேசியில் ஒரு இடத்திலும், பத்திரம் வைத்திருக்கும் பையின் மேல் ஒரு இடத்திலும் எழுதிவைக்கவேண்டும். வழக்கு விவரம் காட்டும் அரசின் இ-கோர்ட்ஸ் செயலியில் அதை ஒருமுறை போட்டு 'என் வழக்குகள்' பகுதியில் சேமித்துவிட்டால், அடுத்த வாய்தா, போன வாய்தாவில் நடந்தது, பதிவேற்றிய உத்தரவு எல்லாம் வரும். மேல்முறையீடு போனால் அதற்குப் புது எண் என்பதையும் மறக்கக்கூடாது. பழைய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் 'முடிந்தது' என்றுதான் காட்டும்.

தேதியைவிட முக்கியமானது அதற்குப் பக்கத்தில் இருக்கும் 'நிலை' என்ற வரி. பெரும்பாலானவர்கள் அதைப் படிப்பதே இல்லை. 'ஸ்டெப்ஸ்' என்று தொடர்ந்து இரண்டு, மூன்று வாய்தாவுக்கு வந்தால், எதிராளிக்கு சம்மன் அனுப்ப நம் தரப்பில் கட்டவேண்டிய பேட்டா கட்டப்படவில்லை என்றோ, சரியான விலாசம் தரப்படவில்லை என்றோ பொருள். சம்மன் கொண்டுபோகும் அமீனா மேல் கோபப்பட்டுப் பயனில்லை, வேலை நம் பக்கம் நிற்கிறது. இப்படியே விட்டால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 9-ஆம் கட்டளைப்படி வழக்கே தள்ளுபடியாகலாம். பிரதிவாதியாக இருந்தால் 'ரிட்டன் ஸ்டேட்மென்ட்' என்ற நிலையைக் கவனிக்கவேண்டும். சம்மன் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை போடவேண்டும், காரணம் சொல்லி 90 நாள் வரை நீட்டிக்கலாம். அதையும் தாண்டினால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரும் வாய்ப்பு அதிகம்.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் மனுவுக்குக் காலவரம்பு 30 நாள். சம்மன் முறையாகச் சார்வு ஆகாதிருந்தால், அதாவது நம்மிடம் சேர்க்கப்படாதிருந்தால் மட்டும், தீர்ப்பு நமக்குத் தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள் கணக்கு. தருமபுரி மாவட்டத்தில் பல வீட்டில் ஒருவராவது பெங்களூருவிலோ திருப்பூரிலோ கேரளத்திலோ கட்டட வேலையில் இருப்பார். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கில் சம்மன் ஊர் வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டிருக்கும், ஆள் ஒயிட்ஃபீல்டில் சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருப்பார். இப்படிப்பட்டவர் மாதம் ஒருமுறை இ-கோர்ட்ஸில் தன் பெயரைப் போட்டுத் தேடிப் பார்ப்பது அவர் நிலத்துக்கு அவரே போடும் வேலி.

பெயர் போட்டுத் தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. தளத்தில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கின்றன. கோவிந்தசாமி என்ற ஒரே பெயரை ஒரு குமாஸ்தா 'சாமி' என்று ஏற்றியிருப்பார், இன்னொருவர் 'ஸ்வாமி' என்று ஏற்றியிருப்பார், மூன்றாமவர் நடுவில் ஒரு 'எச்' சேர்த்திருப்பார். முழுப் பெயரையும் அடித்துத் தேடினால் 'பதிவு இல்லை' என்று வரும், வழக்கே இல்லை என்று நம்பி நிம்மதியாகப் போய்விடுவோம். முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் போட்டு, ஒவ்வொரு ஆண்டாக மாற்றி, 'நிலுவை', 'முடிந்தது' இரண்டையும் பார்க்கவேண்டும். ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் தனித்தனி நீதிமன்ற வளாகம். ஒன்றில் தேடினால் மற்றதில் இருப்பது வராது.

தளத்தில் இறக்கிய உத்தரவு படித்துத் தெரிந்துகொள்ளத்தான். மேல்முறையீட்டுக்கு முத்திரை வைத்த சான்றிட்ட நகல் வேண்டும். நகல் மனுவைத் தாமதிக்காமல் போடுவது நல்லது. நகல் தயாராக ஆகும் நாட்களைக் காலவரம்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு கழித்துக் கொடுக்கும். ஆனால் நாம் மனுப்போடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நாளை அது கழிக்காது.

தாக்கல் செய்யும் மேசையில் நடப்பது

வழக்கை இணையம் வழியாகத் தாக்கல் செய்யும் இ-ஃபைலிங் வந்தபோது தமிழ்நாட்டு வழக்கறிஞர் சங்கங்கள் பல இடங்களில் எதிர்த்துப் போராடின. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது மாற்றத்தை விரும்பாத பிடிவாதமாகத் தெரியலாம். ஒரு மனுவின் பயணத்தைப் பின்தொடர்ந்தால் அந்த எண்ணம் மாறும். வக்கீல் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடிக்கிறார், அச்செடுக்கிறார், கட்சிக்காரர் கையெழுத்துப் போடுகிறார். முன்பு இதோடு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்தால் முடிந்தது. இப்போது அந்தக் கட்டை மறுபடி ஸ்கேன் செய்யவேண்டும், பி.டி.எஃப். ஆக்கவேண்டும், வரிசைப்படுத்தவேண்டும், ஓ.டி.பி. வாங்கவேண்டும், கட்டணத்தை இணையத்தில் கட்டவேண்டும், பிறகு பல கோர்ட்டில் காகிதக் கட்டையும் தனியே கொடுக்கவேண்டும். இரட்டை வேலை. சென்னையில் பத்து ஜூனியர் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு இது பொருட்டில்லை. பென்னாகரத்தில் ஒரு குமாஸ்தாவோடு தனியாகத் தொழில் செய்கிறவருக்கு இது அரை நாள்.

மனு திரும்பி வரும் காரணங்கள் பெரும்பாலும் சின்னச் சின்னவை. 1960-களின் கிரயப் பத்திரம், மங்கிய மையில் கையெழுத்துப் பிரதி. கைப்பேசியில் படம் எடுத்து ஏற்றினால் மடிப்பில் உள்ள வரியும் நான்கெல்லையும் தெரியாது. எல்லை தெரியாத நில வழக்கை எந்த அலுவலரும் எண்ணிட மாட்டார். மேசை ஸ்கேனரில் வைத்து, மடிப்பை நீவி, தெளிவாக எடுத்து, கூடவே தட்டச்சு செய்த படி ஒன்றையும் இணைத்தால் சிக்கல் தீரும். இன்னொன்று எழுத்துரு. இன்னும் பல டைப்பிங் சென்டரில் பழைய தமிழ் எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். அச்சில் நன்றாக இருக்கும், மின்கோப்பில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது, வேறு கணினியில் திறந்தால் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் அடிக்கச் சொல்லி டைப்பிஸ்டிடம் கேட்பது கட்சிக்காரரின் உரிமை.

நீதிமன்ற வளாகங்களில் உள்ள இ-சேவா மையம் இந்தச் சுமைக்காகத்தான் வந்தது. வழக்கு நிலை பார்த்துச் சொல்வது, நகலுக்கு விண்ணப்பிப்பது, ஸ்கேன் செய்து இ-ஃபைலிங் செய்ய உதவுவது, கைதியைப் பார்க்க இணையவழி நேரம் பதிவது, போக்குவரத்து அபராதம் கட்டுவது வரை அங்கே செய்துதர வேண்டும். ஊரில் வருமானச் சான்று வாங்கப் போகும் இ-சேவை மையம் வேறு, இது வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் குழம்பித் திரும்பிப்போகிறார்கள். அங்கே ஒரு ஆள் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொன்னால் திட்டம் உயிரோடிருக்கிறது. நாற்காலி காலியாக இருந்தால் எவ்வளவு நல்ல மென்பொருளும் பென்னாகரத்துக்காரருக்குப் பயன்படாது.

வாட்ஸ்அப் சாட்சியம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இந்தப் பகுதியைப் படியுங்கள். கிருஷ்ணகிரியில் மாங்காய்த் தோப்புக் குத்தகை, மண்டி வியாபாரம், சீட்டு, கைமாற்று எல்லாம் இப்போது நிறையவே வாட்ஸ்அப்பில் நடக்கிறது. "பணம் வைகாசி கடைசில தர்றேண்ணா" என்று வியாபாரி அனுப்பிய குரல்பதிவுதான் விவசாயியிடம் இருக்கும் ஒரே ஆதாரம். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கலர் பிரிண்ட் போட்டு, கோர்ட்டில் நீட்டினால் போதாது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதற்கு முன்பு தொடங்கி நடக்கும் வழக்கில் பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி சான்றிதழ். புதிய சான்றிதழில் இரண்டு பகுதி: முதல் பகுதி தரவைத் தருகிறவர் நிரப்புவது, இரண்டாம் பகுதி நிபுணர் நிரப்புவது. சாதனத்தின் கம்பெனி, மாடல், நிறம், வரிசை எண், ஐ.எம்.இ.ஐ. எண், எந்த வகைச் சாதனத்தில் சேமிக்கப்பட்டது, 'ஹாஷ்' மதிப்பு என்ன என்றெல்லாம் கேட்கும். ஹாஷ் என்பது ஒரு கோப்பின் கைரேகை. கோப்பைக் கணக்கிட்டு எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளமான வரி கிடைக்கும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரி முழுக்க மாறிவிடும்.

இதில்தான் நல்ல வழக்குகள் கெட்டுப்போகின்றன. விபத்து வீடியோவை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் வக்கீலுக்கு அனுப்பினால், போகும் வழியில் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். வக்கீலிடம் வந்தது அசலின் கைரேகை இல்லாத வேறொரு கோப்பு. அசல் கைப்பேசியிலிருந்து கேபிள் போட்டு நேராகப் பென் டிரைவுக்கோ கணினிக்கோ நகலெடுக்கவேண்டும், எடுத்த உடனே ஹாஷ் கணக்கிட்டுத் தேதியோடு எழுதிவைக்கவேண்டும். உரையாடலை முழுதாக 'எக்ஸ்போர்ட்' செய்து வைக்கவேண்டும். நடுவில் நமக்குச் சாதகமான நாலு வரியை மட்டும் வெட்டி எடுத்தால் குறுக்கு விசாரணையில் அதுவே நமக்கு எதிராகும். 'தானாக மறையும் செய்தி' அமைப்பை நிறுத்திவைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கைப்பேசியை விற்கவோ, எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ, ரீசெட் செய்யவோ கூடாது. அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: சாதனத்தின் உரிமையாளரே கூண்டில் ஏறி அசல் சாதனத்தைக் காட்டினால் சான்றிதழ் தேவையில்லை. உடைந்த திரையோடு பீரோவில் கிடக்கும் பழைய கைப்பேசிக்கு அவ்வளவு மதிப்பு உண்டு.

சி.சி.டி.வி. அடுத்தவர் கையில் இருப்பதால் இன்னும் சிக்கல். பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி, கடை எதுவானாலும் பழைய பதிவின்மேல் புதிய பதிவு சில வாரத்தில் ஏறிவிடும். சம்பவம் நடந்த இரண்டு மூன்று நாளுக்குள் எந்தக் கேமரா, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று குறித்து, காவல் நிலையத்திலும் கேமரா உரிமையாளரிடமும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கவேண்டும். அவர் சான்றிதழ் தர மறுத்தால், தரச்சொல்லி உத்தரவிட நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது.

பணமில்லாமல் திரும்பிய காசோலை பற்றி ஒரு வார்த்தை. வியாபாரி பெங்களூருக்காரராக இருந்தாலும், விவசாயியின் கணக்கு கிருஷ்ணகிரிக் கிளையில் இருந்து அங்கே காசோலையைப் போட்டிருந்தால், வழக்குக் கிருஷ்ணகிரியிலேயே நடக்கும். 2015-ல் வந்த திருத்தம் அப்படி. வங்கி திருப்பிய தகவல் கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அதைப் பெற்ற 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. குரல்பதிவை நம்பி இந்த நாட்களைத் தவறவிடக்கூடாது.

தொப்பூர் கணவாயும் 48 மணி நேரமும்

தேசிய நெடுஞ்சாலை 44-ல் தொப்பூர் இறக்கத்தில் விபத்து நடக்காத மாதம் இல்லை என்று சொல்லுமளவுக்கு இழப்பீட்டு வழக்குகள் இந்தப் பக்கம் அதிகம். 2022 ஏப்ரல் 1 முதல் விதிகள் மாறியிருக்கின்றன. விபத்து தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் விசாரணை அதிகாரி முதல் அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்பவேண்டும். விரிவான அறிக்கை 90 நாளில் போகவேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளலாம். அதாவது ஏழைக் குடும்பம் தரகர் பின்னால் அலையவேண்டியதில்லை என்பது சட்டத்தின் எண்ணம். நடைமுறையில் அந்த மின் படிவத்தில் குடும்பத்தின் விவரம் யார் தந்தார்கள் என்பதே கேள்வி. இறந்தவரின் தாயின் பெயர் விட்டுப்போயிருக்கும், மாத வருமானம் இருந்த இடம் காலியாக இருக்கும், தொடர்பு எண் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தவருடையதாக இருக்கும். காவல் நிலையத்தில் நகல் கேட்டு வாங்கி ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கவேண்டும். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போடவேண்டும் என்பதும் அதே நாளில் நடைமுறைக்கு வந்ததுதான். காரியம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஆற அமர இருந்துவிடக் கூடாது.

காணொலி விசாரணை இந்த மாவட்டங்களில் அதிகம் உதவுவது அரசு சாட்சிகள் விஷயத்தில். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் திருநெல்வேலிக்கு மாறியிருப்பார், விசாரணை அதிகாரி வேறு மண்டலத்தில் இருப்பார். அவர்கள் வராததால் தள்ளிப்போகும் வாய்தாக்களைக் காணொலி நேரடியாகக் குறைக்கிறது. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி கிராமத்தை நினைத்தால் காலத்தின் கனம் புரியும். 1992 ஜூன் 20-ல் நடந்த கொடுமைக்குத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29-ல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள், மீதி 215 பேரும் தண்டனை பெற்றார்கள். உயர் நீதிமன்றம் 2023-ல் உறுதிசெய்தது. சோதனை என்ற பெயரில் ஊருக்குள் நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதை, பாதிக்கப்பட்ட அந்த ஊர்ப் பெண்கள் பெரும்பாலும் தங்கள் வாயால்தான் நிரூபிக்கவேண்டியிருந்தது. இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 105-ஆம் பிரிவு, போலீஸ் சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி, ஒளியோடு பதிவுசெய்து தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. வீடியோ எங்கே என்று கேட்பது குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலுடைய முதல் கேள்வியாக இருக்கவேண்டும்.

ஆனால் சிறைக் கைதியைத் திரையில் மட்டும் காட்டிக் காவலை நீட்டிப்பதை அப்படியே வரவேற்க முடியாது. முதல் முறை நேரில்தான் ஆஜர்படுத்தவேண்டும். போலீஸ் காவலில் இருக்கும்வரை ஒவ்வொரு முறையும் நேரில்தான். நீதிமன்றக் காவலை நீட்டிக்க மட்டுமே காணொலி போதும். திரையில் முகம் தெரியும், உள்ளங்காலில் விழுந்த அடி தெரியாது. வக்கீலிடம் தனியாக ஒரு வார்த்தை பேசவும் வழியில்லை, பக்கத்தில் காவலர் நிற்பார். அந்தத் தனிமையைக் கேட்டு வாங்குவது வக்கீலின் வேலை.

சம்மன் இப்போது மின்னணு முறையிலும் வரலாம், நீதிமன்ற முத்திரையின் படமோ டிஜிட்டல் கையெழுத்தோ அதில் இருக்கும். விசாரணைக்கு வரச்சொல்லிப் போலீஸ் தரும் பி.என்.எஸ்.எஸ். 35-ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது. வீடியோவில் யூனிஃபார்ம் போட்டு மிரட்டிப் பணம் கேட்டால் துண்டித்துவிட்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்கவேண்டும். சம்மன் உண்மைதானா என்று சந்தேகம் வந்தால், அதிலுள்ள வழக்கு எண்ணை இ-கோர்ட்ஸில் போட்டுப் பார்க்கலாம், அல்லது அந்த நீதிமன்ற அலுவலகத்தில் நேரில் கேட்கலாம்.

செயற்கை நுண்ணறிவு பற்றி நிறையப் பேசுகிறார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழில் கிடைக்கத் தொடங்கியிருப்பதில் அதன் பங்கு உண்டு, அது பெரிய நன்மை. சாட்பாட்டிடம் கேட்டு மனு எழுதுவது வேறு கதை. இல்லாத தீர்ப்பை இருப்பதுபோல எண்ணோடு எழுதித்தரும். நியூயார்க்கில் 2023-ல் அப்படிப் போலித் தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அது தரும் ஒவ்வொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் அந்த நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் தேடி, கண்ணால் பார்த்த பிறகே மனுவில் சேர்க்கவேண்டும்.

நிலத்துக்கு வருவோம். பட்டா, சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று எல்லாம் வீட்டிலிருந்தே பார்க்க முடிவது இந்தப் பகுதி விவசாயிக்குக் கிடைத்த உண்மையான விடுதலை. ஆனால் வில்லங்கச் சான்று பதிவான பத்திரத்தை மட்டுமே காட்டும். பதிவாகாத உயிலையும், வாய்மொழிப் பாகத்தையும், கோர்ட்டில் நடக்கும் வழக்கையும் அது காட்டாது. நிலம் வாங்குமுன் விற்பவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் இ-கோர்ட்ஸில் தேடிப் பார்ப்பது அதனால்தான் அவசியம். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். சமயத்தில் புல எண் மாறிய இடங்களில் பழைய எண்ணையும் சேர்த்துத் தேடவேண்டும். அஞ்செட்டி, காரிமங்கலம், நல்லம்பள்ளி போலப் பின்னால் உருவான தாலுகாக்களில், பழைய ஆவணம் பழைய தாலுகாவின் பெயரில்தான் கிடக்கும்.

வக்கீல் வைக்கப் பணமில்லாதவர் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம், அல்லது தாலுகா கோர்ட்டிலுள்ள சட்டப்பணிகள் குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது. சித்தேரியிலும் வத்தல்மலையிலும் வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களில் பெரும்பாலோர் இந்த ஒரு வரியிலேயே தகுதி பெறுகிறார்கள். போகும்போது ஆதார் நகல், சாதிச் சான்று, வந்த சம்மனோ நோட்டீஸோ, சி.என்.ஆர். எண், அந்தப் பழைய கைப்பேசி ஆகியவற்றை எடுத்துப் போகவேண்டும். சிக்னல் இல்லாத ஊர் என்றால், அழைத்துச் சொல்ல வசதியாக அடிவாரத்தில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவரின் எண்ணையும் மனுவில் எழுதவேண்டும். இல்லாவிட்டால் நியமிக்கப்பட்ட வக்கீல் பத்துமுறை கூப்பிட்டும், 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்ற குரலைத்தான் கேட்பார்.